வரலாற்றுப் பாடவேளையைக் குறைக்கப் போவதில்லை

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் உங்களில் பலர் ஒரே கோரிக்கையை வைத்தீர்கள். பத்தாம் வகுப்பில் வரலாற்றுப் பாடவேளையைக் குறைத்து அந்த நேரத்தில் கணக்கோ அறிவியலோ நடத்தலாமே, வரலாற்றைப் பரீட்சைக்கு முன்னால் மனப்பாடம் பண்ணிக்கொள்ளலாமே என்று கேட்டீர்கள். உங்கள் கவலை புரிகிறது, ஆனால் குறைக்கப் போவதில்லை.

மனப்பாடம் பண்ணியும் மார்க் வாங்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் நடப்பது வேறு. நம் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘உலகிலேயே முதல் தேர்தல் இங்கேதான்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது, பிள்ளைகளும் அதைப் பெருமையாக வகுப்பில் சொன்னார்கள். ஆசிரியர் உடனே ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டில் என்னதான் இருக்கிறது என்று வரி வரியாகப் படிக்கக் கொடுத்தார். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் முறைதான் அது. ஊருக்கு முப்பது குடும்பு, இன்றைய வார்டு மாதிரி. குடும்பு வாரியாகப் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். வயது 35க்கு மேல், 70க்குள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்கள்கூட நிற்க முடியாது! இதில் பெருமைப்பட நிறையவே இருக்கிறது.

அப்புறம்தான் ஒரு மாணவி கேட்டாள், “நிலமே இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க சார்?” ‘வேலி’ என்ற பழைய நில அளவில் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும் என்று அதே கல்வெட்டு சொல்கிறது. அது பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேய ஊரின் சபை. நிலத்தில் இறங்கி உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. ‘உலகிலேயே முதல்’ என்பதும் நிற்காது, ஏதென்ஸில் இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே குலுக்கல் போட்டுப் பதவிக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள். பெருமையை விடாமலேயே இவ்வளவையும் ஒரு பிள்ளை விசாரித்துத் தெரிந்துகொள்கிறது என்றால், நாளைக்குக் கைப்பேசியில் வரும் எதையும் அது அப்படியே நம்பாது. இந்தப் பழக்கத்தைக் கடைசி நேர மனப்பாடத்தில் கொடுக்க முடியாது.

இன்னொன்று. பதினொன்றாம் வகுப்பில் வரலாறு உள்ள குரூப் என்றால் மார்க் குறைந்தவர்களுக்கானது என்று தயவுசெய்து பிள்ளைகள் காதுபடப் பேசாதீர்கள். ஆசையாக எடுக்க நினைக்கும் பிள்ளையும் வாயைத் திறக்காமல் போய்விடுகிறது.

அரையாண்டு விடுமுறையில் உங்கள் உதவி வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை, பத்திரம், பட்டா எதுவானாலும் ஒன்றை எடுத்துப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். தாத்தா காலத்துப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருக்கும், அப்பா காலத்தில் காணாமல் போயிருக்கும். அந்தப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று 1929இல் பக்கத்துச் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றும் அதே மாநாடு கேட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 ஆகிவிட்டது. உங்கள் வீட்டுப் பத்திரங்களில் பாட்டி பெயர், அத்தை பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று பிள்ளை தேடட்டும், இல்லையென்றால் ஏன் என்று பெரியவர்களிடமே கேட்கட்டும். அசலைக் கொடுத்தனுப்ப வேண்டாம், போட்டோ போதும்.

விடுமுறை முடிந்ததும் பத்தாம் வகுப்பை உத்திரமேரூருக்கு அழைத்துப் போகிறோம். சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். கூட வர முடிந்தவர்கள் அவரிடமே பெயர் சொல்லுங்கள், பேருந்தில் இடம் பிடித்து வைக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்