வைகறைக் காட்சியை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை கொழும்பில் ஒரு பாடசாலை மேடையில் ரோமியோ ஜூலியட்டைத் தமிழில் போட்டார்கள். என் பேத்திக்குச் செவிலித்தாய் வேடம். இரண்டு மாதமாக எங்கள் குசினியில் புட்டுக்கு மாக் குழைத்தபடி நான்தான் ஜூலியட்டாக நின்று அவளைப் பழக்கினேன். ஆகவே இந்தக் கடிதத்தில் சொந்தக் கோபமும் கொஞ்சம் இருக்கிறது.

நேரம் காணாது என்று கடைசி ஒத்திகையில் வைகறைக் காட்சியை எடுத்துவிட்டார்கள். கல்லறைக் காட்சிக்கு மட்டும் கால் மணித்தியாலம்! புகை, வயலின், நீல லைட். சபையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்த அழுகை எதற்கு? கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு துறவியை அடைத்து வைத்ததால் ரோமியோவுக்குக் கடிதம் போய்ச் சேரவில்லை, மயக்க மருந்தில் கிடந்த ஜூலியட் கண் விழிக்குமுன் அவன் நஞ்சைக் குடித்துவிட்டான். தெருவில் விபத்தைக் கண்டாலும் அப்படித்தான் அழுவோம். கல்லறையில் ஒருவர் பேசும்போது மற்றவருக்குக் காது கேட்காது. அங்கே காதலை எப்படிப் பார்ப்பது?

பார்க்கவேண்டிய இடம் மூன்றாம் அங்கம், ஐந்தாம் காட்சி. மணமுடித்து ஒரே ஓர் இரவு. ஜூலியட்டின் மாமன் மகன் டைபால்ட்டைக் கொன்றதற்காக ரோமியோவை ஊரைவிட்டுத் துரத்தியாயிற்று, விடிந்தபின் வெரோனாவில் கண்டால் உயிர் போகும். வெளியே பறவை பாடுகிறது. வானம்பாடி, விடிந்துவிட்டது என்கிறான். இல்லை, இரவெல்லாம் மாதுளை மரத்தில் பாடுகிற நைட்டிங்கேல்தான் என்கிறாள். அவளுக்குத் தெரியாதா? தெரிந்தே சொல்கிற பொய். சரி, நீ சொன்னால் விடியவில்லைதான், பிடித்துக் கொல்லட்டும், இருக்கிறேன் என்று அவனும் அந்தப் பொய்க்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறான். உடனே அவள் பதறிப்போய், ஐயோ வானம்பாடிதான், ஓடு என்கிறாள். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளை! ஒரு நிமிடத்தில் இருவரும் கட்சி மாறிவிட்டார்கள். காதல் நாடகத்தில் இதைவிடக் காதல் எனக்குத் தெரியாது.

நமக்கும் இது புதிதில்லை. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையாரின் தலைவிக்கும் கோழி கூவினால் நெஞ்சு திடுக்கிடுகிறது, காதலரைப் பிரிக்க வைகறை வாள் போல வந்துவிட்டது என்கிறாள். விபுலானந்த அடிகள் 1926இல் வந்த மதங்க சூளாமணி என்ற நாடக நூலில் ரோமியோ ஜூலியட் ஜோடிக்கு இரம்மியன், சுசீலை என்று பெயர் வைத்தார். (அதைச் சொன்ன நாளிலிருந்து பேத்தி என்னைச் சுசீலை என்றுதான் கூப்பிடுகிறாள்.)

என் கணவருக்கு யாழ்ப்பாணக் கச்சேரியில் (அரச நிர்வாக அலுவலகத்தில்) வேலை, எனக்குக் கொழும்பில் படிப்பிக்கும் வேலை. மாதம் ஒருமுறை வருவார். ஞாயிறு இரவு மெயில் ரயிலுக்கு வெளிக்கிடும்போது, ‘சுவர் மணிக்கூடு பத்து நிமிடம் முந்தி ஓடுது, ஆறுதலாச் சாப்பிடுங்கோ’ என்பேன். அன்று காலை வானொலிச் செய்தி நேரத்துக்கு அதைச் சரிபார்த்து வைத்தவரே அவர்தான். ‘ஓமோம், இன்னும் இரண்டு இடியப்பம் போடும்’ என்பார்.

போட்டிக்காக நாடகத்தைச் சுருக்குகிற ஆசிரியர்கள் தயவுசெய்து கல்லறையில் வெட்டுங்கள். அந்த வைகறைக் காட்சியில்தான் செவிலி ஓடிவந்து, ‘தாயார் அறைக்கு வருகிறார், விடிந்துவிட்டது, கவனம்’ என்று எச்சரிப்பாள். அதை மூச்சிரைக்கச் சொல்ல இரண்டு மாதம் பழகிய என் பேத்தி, அன்று கல்லறைக் காட்சி முடியும்வரை திரைக்குப் பின்னால் புகை மெஷினின் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இப்படிக்கு,
ஓர் அம்மம்மா,
வெள்ளவத்தை, கொழும்பு.