கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்: அந்த ஐந்து கோப்பைகளை வென்றது யார்?

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவருக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தெற்காசிய மகளிர் கால்பந்துக் கோப்பையை, அதாவது சாஃப் கோப்பையை, இந்தியா ஏன் பறிகொடுத்தது என்று 2022-இலிருந்து ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்களிடம் நான் கேட்பது அதற்கும் முந்தைய கேள்வி. அதுவரை நடந்த ஐந்து போட்டிகளிலும் நாம் எப்படி வென்றோம்? இதற்கு உங்கள் அலுவலகத்தில் யாரும் நேர்மையாக விடை தேடியதாகத் தெரியவில்லை. தேடியிருந்தால் 2022-இல் காட்மாண்டுவில் நாம் தோற்றது யாருக்கும் அதிர்ச்சியாக இருந்திருக்காது.

2010-இல் காக்ஸ் பஜார், 2012-இல் கொழும்பு, 2014-இல் இஸ்லாமாபாத், அடுத்து சிலிகுரி, 2019-இல் பிராட்நகர். ஐந்து இடங்களிலும் கோப்பை நமக்கே. ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 2010-இல் பூட்டானுக்கு எதிராக 18 கோல் அடித்தோம். இஸ்லாமாபாத்தில் பாலா தேவி ஒருவரே 16 கோல் அடித்தார். நேபாளத்தை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. இந்த ஐந்து இறுதிப்போட்டிகளில் நான்கில் நம்மிடம் தோற்று, 2022-இலும் 2024-இலும் நாம் வெளியேறிய பிறகு நடந்த இரண்டு இறுதிகளிலும் வங்கதேசத்திடம் தோற்றது.

இவ்வளவு பெரிய ஆதிக்கத்துக்கு முந்தைய ஆண்டு நாம் எந்த நிலையில் இருந்தோம் என்பது உங்கள் கோப்புகளிலேயே இருக்கும். பதினெட்டு மாதங்களாக ஒரு சர்வதேச ஆட்டமும் ஆடாததால், 2009-இல் ஃபிஃபா தன் தரவரிசைப் பட்டியலிலிருந்து இந்திய மகளிர் அணியையே நீக்கிவிட்டது. பட்டியலில் பெயரே இல்லாத அணி அடுத்த ஆண்டு தெற்காசியச் சாம்பியன் ஆனது. இதைக் கூட்டமைப்பின் திட்டமிடலுக்குக் கிடைத்த வெற்றி என்று எந்த வாயால் சொல்வது?

வெற்றிக்கு வேர் மணிப்பூரில் இருந்தது. தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பை இருபதுக்கும் மேற்பட்ட முறை வென்ற மாநிலம் அது. தெருவுக்குத் தெரு கழகம், கழகத்துக்குக் கழகம் போட்டி என்று, டெல்லி எட்டிப்பார்க்காத காலத்திலேயே அங்கே பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிறுமியாக இருந்தபோது ஆண் பெயர் சொல்லிக்கொண்டு பையன்களோடு ஆடியவர் பெம்பெம் தேவி. பின்னாளில் இந்திய அணிக்கே அவர் தலைவி ஆனார். ஒடிசாவிலிருந்து சஸ்மிதா மாலிக் போன்றவர்கள் வந்து சேர்ந்தார்கள் என்றாலும், அணியின் முதுகெலும்பு இம்பால் பள்ளத்தாக்கில்தான் உருவானது.

அடுத்தது சம்பளம். ரயில்வேயும் மாநிலக் காவல்துறைகளும் துணை ராணுவப் படைகளும் விளையாட்டு ஒதுக்கீட்டில் இவர்களுக்கு வேலை கொடுத்தன. இருபத்தைந்து வயதுப் பெண் பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள் என்று வீட்டில் கேட்கும்போது, மாதச் சம்பளத்தைவிட நல்ல பதில் கிடையாது. நம் கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2025 ஜூலையில் சியாங் மாய் நகரில் தாய்லாந்துக்கு எதிராக இரண்டு கோல் அடித்து இந்தியாவை ஆசியக் கோப்பைக்கு அனுப்பிய சங்கீதா பாஸ்போர் எல்லைக் காவல் படையான சசஸ்திர சீமா பலத்தில் பணிபுரிகிறார். அவர்களை முப்பது வயதுவரை ஆடவைத்தது இந்த உத்தியோகம். கழக ஒப்பந்தத்தை மட்டும் நம்பியிருந்தால் பாதிப் பேர் இருபத்திரண்டிலேயே காலணியைக் கழற்றியிருப்பார்கள்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் உங்களுக்குக் கசக்கும். பக்கத்து நாடுகள் அப்போது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. 18 கோல் வாங்கும் அணியை வெல்ல வரலாறு தேவையில்லை. அவர்கள் ஆரம்பித்ததும் நிலைமை மாறியது.

வங்கதேசம் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது பெரும் பணத்தால் நடந்த காரியம் அன்று. 2011-இல் தொடக்கப் பள்ளிச் சிறுமிகளுக்கு நாடு தழுவிய ஒரு கோப்பைப் போட்டியைத் தொடங்கினார்கள். மைமன்சிங் மாவட்டத்தில் கல்சிந்தூர் என்ற எல்லையோரக் கிராமத்துப் பள்ளி அதை அடுத்தடுத்து வென்றது. அந்த ஊருக்கு மின்சாரம் வந்ததே இந்தப் பெண்கள் வென்ற பிறகுதான். மரியா மாண்டாவும் சஞ்சிதா அக்தரும் அங்கிருந்து வந்தவர்கள். சிட்டகாங் மலைப்பகுதியிலிருந்து மோனிகா சக்மா, ரிது பர்ணா சக்மா, கோல்கீப்பர் ருப்னா சக்மா ஆகியோர் வந்தார்கள். இப்படிச் சேர்ந்த சிறுமிகளை டாக்காவில் தங்கவைத்து, ஒரே பயிற்சியாளர் கோலாம் ரப்பானி சோட்டனிடம் ஆண்டுக்கணக்கில் ஒப்படைத்தார்கள். அவர்களிடமும் குறைகள் ஏராளம். சம்பளப் பிரச்சினை உண்டு. 2023-இல் பணமில்லை என்று ஒலிம்பிக் தகுதிச்சுற்றுக்கே அணியை அனுப்பாமல் விட்டார்கள். அவர்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடச் சொல்லவில்லை. ஆனால் பதினான்கு வயதில் சேர்ந்து உண்டு உறங்கிய பெண்கள் இருபது வயதிலும் சேர்ந்தே ஆடினார்கள். அதை மட்டும் அவர்கள் விடவில்லை.

எச்சரிக்கை வராமல் இல்லை. 2016-இல் 16 வயதுக்குட்பட்டோர் ஆசியத் தகுதிச்சுற்றில் வங்கதேசம் தோல்வியே இல்லாமல் தேறியது. 2017 டிசம்பரில் 15 வயதுக்குட்பட்டோர் சாஃப் இறுதியில் நம்மை 1-0 என்று வென்றது. 2021-இல் 19 வயதுக்குட்பட்டோர் இறுதியிலும் அதே 1-0. படிப்படியாக வயது ஏறி நம்மை நோக்கி வந்துகொண்டிருந்த அணி அது. வருவது கண்ணுக்கு நேரே தெரிந்தது.

சிலிகுரியையே எடுத்துக்கொள்ளுங்கள். லீக் சுற்றில் வங்கதேசம் நம்மோடு கோலின்றி டிரா செய்தது. 2017 ஜனவரி 4 அன்று நடந்த இறுதியில் டாங்மெய் கிரேஸ் நமக்கு முதல் கோல் அடித்தார். இடைவேளைக்கு முன் சிராத் ஜஹான் ஸ்வப்னா சமன் செய்தார். பிறகு சஸ்மிதா ஒரு பெனால்டியும் இந்துமதி ஒரு கோலும் அடித்து 3-1 என்று முடித்துவைத்தார்கள். நாம் கோப்பையோடு வீட்டுக்குப் போனோம், அவர்கள் டாக்கா முகாமுக்குத் திரும்பினார்கள். 2019 அரையிறுதியில் அவர்களை 4-0 என்று நொறுக்கியபோது இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் நமக்குத் தீர்ந்துவிட்டது. 2022 செப்டம்பரில் காட்மாண்டுவில், லீக் சுற்றில் நமக்கு எதிராக அதே ஸ்வப்னா இரண்டு கோலும் கிருஷ்ணா ராணி சர்க்கார் ஒன்றும் அடித்தார்கள், 3-0 என்று வங்கதேசம் வென்றது. அரையிறுதியில் நேபாளம் நம்மை 1-0 என்று ஊருக்கு அனுப்பியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தக் கிருஷ்ணாவும் வங்கதேசத் தலைவி சபீனா காத்தூனும் 2018-இல் இந்திய மகளிர் லீக்கில் ஆடியவர்கள். அழைத்து வந்தது நம் மதுரையின் சேது எஃப்சி கழகம். சேது செய்தது சரியான காரியம். அயல்நாட்டு வீராங்கனைகள் வந்தால்தான் லீக் தரமடையும். வந்தவர்கள் நம்மை அருகிலிருந்து பார்த்துக்கொண்டு போனார்கள். நாம் அவர்களைப் பார்த்தோமா?

லீக்கைப் பற்றிப் பேச வந்தாயிற்று. 2016-17-இல் தொடங்கிய அந்தப் போட்டி பல ஆண்டுகள் ஏதாவது ஓர் ஊரில் சில வாரங்களில் நடத்தி முடிக்கப்படும் திருவிழாவாகவே இருந்தது. சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் ஆடும் முறை 2023-24-இல்தான் வந்தது, அதுவும் ஏழு அணிகளோடு. 2024-25-இல் எட்டு அணிகள், ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். ஓர் ஆண்டின் 52 வாரங்களில் மீதி நாட்களில் ஒரு வீராங்கனை என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

2022-ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஜனவரியில் நம் மண்ணிலேயே நடந்த ஆசியக் கோப்பையிலிருந்து கொரோனாவால் நடுவில் விலக நேர்ந்தது. ஆகஸ்டில் ஃபிஃபா உங்களைத் தடைசெய்தபோது, கோகுலம் கேரளா கழகத்துப் பெண்கள் ஆசியக் கழகப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானில் போய் இறங்கியிருந்தார்கள். ஆடாமலே திரும்பினார்கள். அடுத்த மாதம் காட்மாண்டு. அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தோல்வி வந்தால் பயிற்சியாளரை மாற்றுவது உங்கள் வழக்கம். 2022 சாஃப் போட்டிக்கு சுரேன் சேத்ரி, 2024 போட்டிக்கு சந்தோஷ் காஷ்யப், 2025 தகுதிச்சுற்றுக்கு கிறிஸ்பின் சேத்ரி. நடுவில் வந்து போனவர்கள் வேறு. 2024-இல் வங்கதேசத்திடம் மீண்டும் 3-1 தோல்வி, அரையிறுதியில் நேபாளத்திடம் பெனால்டியில் தோல்வி. தாய்லாந்தை வென்றபோது மட்டும் என்ன மாறியிருந்தது? அந்த அணி முன்கூட்டியே பெங்களூரில் வாரக்கணக்கில் சேர்ந்திருந்து பயிற்சி செய்தது. வேறு மந்திரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மணிப்பூரில் 2023 மே மாதம் வெடித்த வன்முறைக்குப் பிறகு அங்கே மைதானங்களும் பழையபடி இல்லை. இருபது ஆண்டுகளாக நீங்கள் செலவில்லாமல் அறுவடை செய்த வயல் அது. அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும் என்பதற்கு உங்களிடம் ஒரு வரைபடம் இருக்க வேண்டும். கடலூரைப் பாருங்கள். ஒரு கடலோர மாவட்டத்தில் சிலர் விடாப்பிடியாகப் பெண்களுக்குப் பந்து பழக்கினார்கள். 2017-18-இல் தமிழ்நாடு இறுதியில் மணிப்பூரையே 2-1 என்று வென்று தேசியச் சாம்பியன் ஆனது, 2022-23-இல் மறுபடியும் வென்றது. இப்படிப்பட்ட மாவட்டங்கள் ஒடிசாவில், ஜார்க்கண்டில், அரியானாவில் இருக்கின்றன. அங்கே 13 வயதுச் சிறுமிகளுக்கு ஆண்டு முழுக்க ஓடும் மாவட்ட லீக் வேண்டும். ரயில்வே, காவல்துறை வேலைகளில் மகளிர் கால்பந்துக்கான இடங்கள் குறையாமலிருக்க நீங்கள் அமைச்சகங்களின் கதவைத் தட்ட வேண்டும்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் பணமும் தேவையில்லை. 17 வயதுக்குட்பட்ட, 20 வயதுக்குட்பட்ட மகளிர் அணிகள் கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை நாட்கள் முகாமில் சேர்ந்திருந்தன, எத்தனை ஆட்டங்கள் ஆடின, யாரிடம் பயிற்சி பெற்றன என்ற கணக்கை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் வைத்து, பொதுமக்கள் பார்வைக்கும் வெளியிடுங்கள். டாக்காவின் கணக்கையும் பக்கத்திலேயே போடுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
தமிழ்நாட்டுக் கால்பந்து ரசிகன் ஒருவன்