பொருள்: கன்றுக்கான எலக்ட்ரோலைட் பவுடர் உறையில் தமிழில் அளவு தப்பு

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. வெள்ளகோவில் பக்கம் நாலு கறவை மாடு வைத்துப் பிழைக்கிறவள் எழுதுகிறேன். எந்தப் பவுடர் என்று உங்களுக்கே தெரியும். கன்றுக் கழிச்சலுக்கு விற்கிறீர்களே, அந்தப் பச்சை உறைதான். இங்கிலீஷில் ஒரு உறைக்கு 2 லிட்டர் தண்ணீர் என்று இருக்கிறது. அதற்குக் கீழேயே தமிழில் 1 லிட்டர். இதைச் சொல்லத்தான் பத்து நாளில் ஏழு தடவை போன் போட்டேன்.

ஏழாவது தடவை எடுத்த பையன் கேட்டான்: "ஏம்மா, இங்கிலீஷ்ல சரியாத்தானே போட்டிருக்கு? படிச்சவங்க யாருமே வீட்ல இல்லையா?" நான் பத்தாவது பாஸ் ஐயா. தமிழ் படிக்கத் தெரிந்ததுதான் தப்பாகிவிட்டது.

கன்றுக்கு அன்றைக்கு ஒன்பது நாள். கிடாரி. வெளிர் மஞ்சளாய்த் தண்ணி போலக் கழிந்தது. தமிழில் உள்ளபடி 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் காலையும் சாயங்காலமும் புகட்டினேன். விடிந்து பார்த்தால் எழவில்லை. கண் உள்ளே போய்விட்டது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளினபடியே நிற்கிறது. வாய்க்குள் விரல் விட்டால் சில்லென்று இருக்கிறது, சப்பவே இல்லை. கால்நடை ஆம்புலன்ஸ் 1962க்கு அடித்து, டாக்டர் வந்து கழுத்து நரம்பில் டிரிப்ஸ் ஏற்றிய பிறகுதான் தலையைத் தூக்கியது.

உறையைப் படித்த டாக்டர், "இத்தனை கெட்டியாகக் கரைத்தால் உடம்பில் மிச்சமிருக்கிற தண்ணியையும் குடலுக்கு இழுத்து, கழிச்சல் கூடத்தான் செய்யும்" என்றார். பவுடர் செய்கிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? மூன்றாவது போனில் ஒரு அம்மா பாலை அடியோடு நிறுத்தச் சொன்னார். டாக்டரோ பாலையும் கொடு, இடைவெளி விட்டு இந்தத் தண்ணியையும் கொடு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

அப்புறம் தாராபுரம். மீதி உறைகளைக் கொண்டுபோனால் உங்கள் டீலர் மாற்றித் தருவார் என்று சொன்னதே உங்கள் ஆட்கள்தான். வெயிலில் ரெண்டு பஸ் மாறிப் போனேன். கடைக்காரர் உறையைக் கையில்கூட வாங்காமல் "கம்பெனியில கேளுங்க" என்றார். திரும்பி வருவதற்குள் சொசைட்டியில் பால் எடுத்து முடித்துவிட்டார்கள். அன்று சாயங்காலப் பால் அத்தனையும் வீண். டாக்டர் வருவதற்கு முன் வாங்கின மருந்து, போன வேலை, இளைத்துப்போன கன்று எல்லாம் சேர்த்தால் என் நஷ்டம் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. அது செத்திருந்தால்? நாளைக்குப் பத்து லிட்டர் கறக்கப்போகிற மாடு ஐயா அது.

கோபத்தில் ஏதாவது கூடச் சொல்லியிருந்தால் மன்னிக்கவும். பணத்தைத் திருப்பித் தாருங்கள், தமிழ் அளவைத் திருத்துங்கள், கடைகளில் கிடக்கும் பழைய உறைகளை எடுத்துவிடுங்கள். அந்தப் பையன் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். 15 நாள் பார்ப்பேன். இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார், அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் வரை அங்கே கட்டணமே கிடையாதாம், விசாரித்துவிட்டேன்.

உறையின் போட்டோவும் பில்லும் இணைத்திருக்கிறேன். மீதி மூன்று உறை என்னிடம்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் ஆளை அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். நான் மறுபடி தாராபுரம் போக மாட்டேன்.