தையல் பிரித்த அன்றே கேட்காதீர்கள்

திருகோணமலை மாவட்ட வைத்தியசாலை நிர்வாகிகளுக்கும் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கும் கிளினிக் தாதியருக்கும்,

வணக்கம். தோல் புற்றுநோயை வெட்டி எடுத்த பிறகு நோயாளிக்குத் திருப்தியா என்று கேட்பது நல்ல வேலை. அதை எப்போது கேட்கிறீர்கள், யார் கேட்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

என் பெரியப்பா கரைவலை இழுத்தவர். மூக்கோரத்தில் ஆறாமல் கிடந்த சின்னப் புண்ணில் துண்டெடுத்துச் சோதித்து (பயாப்ஸி), பேசல் செல் கார்சினோமா என்ற ஒருவகைத் தோல் புற்றுநோய் என்றார்கள். வெளி மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றில் அதை வெட்டி, காதுக்கு முன்னாலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். நல்ல வேலைதான், குறை சொல்ல வரவில்லை. தையல் பிரித்த கையோடு ஒரு தாதி தாளை வைத்துக்கொண்டு, "ஐயா, சிகிச்சை திருப்தியா?" என்று கேட்டார். ஒரு சதம் வாங்காமல் வருத்தத்தை மாற்றிவிட்டவர்களிடம் மனிசன் வேறென்ன சொல்லுவார்? "ஓம் மிஸ், நல்ல திருப்தி."

மாதங்கள் போக, ஒட்டின தோல் கறுத்துப் பள்ளமானது. கலியாண வீட்டில் லேஞ்சியால் மூக்கை மறைத்துக்கொண்டே இருப்பார். முகத்தில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால் போதும், "திரும்ப வந்திட்டுதோ?" என்று அன்றிரவு நித்திரை இல்லை. இதில் எதுவும் அந்தத் தாளில் இல்லை.

தழும்பு அடங்கி ஒரு நிலைக்கு வர ஒரு வருடமளவு செல்லும். ஆகவே மூன்று மாதத்திலும் ஒரு வருடத்திலும் கேளுங்கள். வெட்டிய டொக்டரோ மருந்து கட்டிய தாதியோ கேட்க வேண்டாம். முகம் பார்த்து இல்லை என்று சொல்ல எங்கள் சனத்துக்கு வாய் வராது. குச்சவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் இதற்கென்று ஒருவரை அலைக்கழிக்காமல், தொலைபேசியில் வாசித்துக் கேட்கலாம்.

என்ன கேட்பது என்று புதிதாக யோசித்துக் கஷ்டப்படவும் தேவையில்லை. 'ஃபேஸ்-க்யூ' (FACE-Q) என்ற கேள்விக்கொத்தில் முகத் தோல் புற்றுநோய்க்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. முகத் தோற்றம், தழும்பு, புற்றுநோய் பற்றிய பயம், வெயிலிலிருந்து காத்துக்கொள்ளும் பழக்கம், எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். முதல் மூன்றுக்கும் 0 முதல் 100 வரை புள்ளி போடுகிறார்கள். தழும்பில் திருப்தியாக இருப்பவர் பயத்தில் செத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? அனுமதி பெற்று, இங்கே பேசுகிற தமிழிலும் சிங்களத்திலும் மாற்றி, நோயாளிகள் சிலருக்கு வாசித்துக் காட்டி விளங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம், "வெயிலில் போகாதீர்கள்" என்ற அறிவுரை தொழிலுக்குப் போகிறவருக்குச் சரிப்பட்டு வந்ததா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

எங்கள் நிறத்து ஆட்களுக்கு இந்த நோய் குறைவு. நோயாளிகள் சிலபேராகத்தான் இருப்பார்கள். அவர்களின் புள்ளிகளைக் கூட்டிப் பிரித்துச் சராசரி எழுதி வைப்பதில் பலன் இல்லை. ஒவ்வொரு தாளையும் யாராவது வாசிக்க வேண்டும். தோற்றத்திலோ தழும்பிலோ குறைந்த புள்ளியும், பயத்தில் கூடிய புள்ளியும் போட்டவரை அழைத்து, தடித்த தழும்பென்றால் ஊசியோ சிலிக்கன் ஜெல்லோ கொடுக்கலாம், பயமென்றால் தோலை முழுதாகப் பார்த்துச் சொல்லலாம். அதற்காகத் தாளின் அடியில் ஒரு வரி விட்டு, அவருக்கான கிளினிக் திகதியை அதில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு நோயாளியின் பெறாமகள்