ஆண்டறிக்கை 2024–25: வில்லி நெல்சனின் பாடல் வாழ்வும் அவர் பெற்ற சிறப்புகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுக்கொரு கலைஞரை எடுத்துக்கொண்டு, அவருடைய இசைத்தட்டுகளைக் கூடியிருந்து கேட்பதும், அவரைப் பற்றிப் படித்து வந்து பேசுவதும் நம் சங்கத்தின் வழக்கம். அவ்வழக்கப்படி 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டுக்கு அமெரிக்காவின் நாட்டுப்புறப் பாடல் மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையின் பாடகரும் பாடலாசிரியருமான வில்லி நெல்சனைச் செயற்குழு தேர்ந்தெடுத்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். மாதக் கூட்டங்களில் பேசப்பட்டவற்றின் சாரத்தை மட்டும் இவ்வறிக்கையில் தொகுத்துத் தருகிறேன்.

நெல்சன் 1933 ஏப்ரல் 29 அன்று டெக்சஸ் மாநிலத்தின் ஆபட் என்ற சிற்றூரில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்து சென்றுவிட, அவரையும் அக்காள் பாபியையும் தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். அவ்விருவரும் அஞ்சல் வழியாக இசைப் பாடம் பயின்றவர்கள். பேத்திக்குப் பியானோவும் பேரனுக்குக் கிதாரும் அவர்களிடமிருந்தே வந்தன. பருத்திக் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்த பிள்ளைப் பருவத்தில், உடன் வேலை செய்த கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் பாடிய பாடல்கள் அவர் காதில் விழுந்தன. சிறுவனாகவே அவ்வட்டாரத்தில் குடியேறியிருந்த செக் நாட்டுக் குடும்பங்களின் போல்கா நடன இசைக்குழு ஒன்றில் சேர்ந்து வாசித்துக் காசும் பெற்றார். பிற்காலத்தில் எந்த இசை வகைக்குள்ளும் அடைபடாமல் அவர் நடமாடியதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று முதற்கூட்டத்தில் பேசிய உறுப்பினர் எடுத்துக்காட்டினார்.

விமானப்படையில் சேர்ந்து முதுகுவலியால் விடுவிக்கப்பட்டது, வானொலி அறிவிப்பாளராக ஊர் ஊராக மாறியது ஆகியவற்றை விரிக்காமல், ஹூஸ்டன் நகரில் அவர் பட்ட பாட்டுக்கு வருகிறேன். 1950களின் கடைசியில் கையில் காசில்லாமல் அங்கு வந்து சேர்ந்த நெல்சன், தாம் எழுதிய 'ஃபேமிலி பைபிள்' பாடலை 50 டாலருக்கும், 'நைட் லைஃப்' பாடலை 150 டாலருக்கும் உரிமையோடு விற்றுவிட்டார். முதற்பாடலை 1960இல் கிளாட் கிரே பாடி வெற்றி கண்டபோது, அதில் எழுதியவராக நெல்சனின் பெயர் இல்லை. இரண்டாவது பாடலோ எண்ணற்ற பாடகர்களின் குரலில் இன்றளவும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்ட உறுப்பினர்கள் பலர் வருந்தினார்கள். ஆனால் நெல்சன் அவ்வாறு வருந்தியவராகத் தெரியவில்லை. தாம் எழுதியது விலைபோகும் சரக்கு என்பதற்கு அதுவே சான்று என்று எடுத்துக்கொண்டு, 1960இல் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குக் கிளம்பினார்.

அங்கே அவருக்குக் கைகொடுத்தவர் ஹேங்க் காக்ரன் என்ற பாடலாசிரியர். தமக்கு வரவிருந்த வாரத்துக்கு 50 டாலர் ஊதிய உயர்வை விட்டுக்கொடுத்து, அந்தப் பணத்தில் நெல்சனை வேலைக்கு எடுக்கும்படி தம் பாடல் பதிப்பு நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார் என்பது நாஷ்வில்லில் இன்றும் நன்றியோடு சொல்லப்படும் செய்தி. 1961இல் 'ஹலோ வால்ஸ்' பாடலை ஃபேரன் யங் பாடினார். அது கன்ட்ரி பாடல்களின் வெற்றிப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அதன் உரிமையையும் விற்றுவிட நெல்சன் முன்வந்தபோது, யங் வாங்க மறுத்து, வேண்டிய பணத்தைக் கடனாகக் கொடுத்து, பாடலை அவரிடமே விட்டுவைத்தார். அதே ஆண்டில் பாடகி பேட்ஸி கிளைன் பாடிய 'கிரேசி' வெளிவந்தது. கார் விபத்தில் அடிபட்டு விலா எலும்பு நோகும் நிலையில் ஒலிப்பதிவுக்கு வந்த கிளைனால் முதல் அமர்வில் அதைப் பாடி முடிக்க முடியவில்லை. பின்னணி இசையை மட்டும் பதிந்து வைத்துக்கொண்டு, சில வாரங்கள் கழித்து வந்து அவர் தம் குரலைச் சேர்த்தார்.

பாடலைக் கேட்டுப் பார்ப்பதற்கான மாதிரிப் பதிவில் நெல்சன் பாடியிருந்த முறையும் கிளைனுக்குத் தொல்லை கொடுத்தது. இவ்விடத்தில் சற்று நின்று பேச வேண்டியிருந்ததால் ஒரு கூட்டம் முழுவதையும் அதற்கே ஒதுக்கினோம். நெல்சன் தாளத்தின் மேல் நேராகக் கால் வைப்பதில்லை. சொல்லைப் பிடித்து நிறுத்தி, தாளம் கடந்த பிறகு பேசுவதுபோல் விட்டு, அடுத்த அடியில் விரைந்து வந்து சேர்ந்துகொள்வார். நம் கச்சேரிகளில் இடம் தள்ளி எடுப்பு எடுத்துப் பாடுவதைக் கேட்டுப் பழகிய உறுப்பினர்களுக்கு இது புதுமையாகப் படவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நாஷ்வில் தயாரிப்பாளர்களுக்கோ இது குறையாகவே பட்டது. ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தில் செட் அட்கின்ஸ் தயாரிப்பில் நெல்சன் பாடிய ஆண்டுகளில், வயலின் கூட்டமும் சேர்ந்திசையும் கொண்டு அக்குரலைச் சீர்செய்யப் பார்த்தார்கள். அட்கின்ஸ் சிறந்த கலைஞர். ஆனாலும் அந்த இசைத்தட்டுகளை இன்று கேட்கும்போது, பாடுபவர் ஒருபுறமும் வாத்தியங்கள் மறுபுறமும் போவதாகவே எனக்குத் தோன்றியது. அவை பெரிதாக விற்கவுமில்லை. பிறர் பாடிய தம் பாடல்களுக்கு வந்த உரிமைத் தொகைதான் அவரைத் தாங்கியது.

நாஷ்வில்லுக்கு வெளியே இருந்த அவருடைய வீடு தீப்பற்றியபோது அவர் உள்ளே ஓடி மீட்டு வந்த பொருள்களில் ஒன்று, 'டிரிகர்' என்று அவர் பெயரிட்டிருந்த கிதார். 1969இல் நேரில் பார்க்காமலே 750 டாலருக்கு வாங்கிய மார்ட்டின் என்-20 வகை அது. விரலால் மீட்டுவதற்காகச் செய்யப்பட்ட நைலான் நரம்புக் கிதார் ஆகையால், மீட்டும் சிறு வில்லை ('பிக்') படும் இடத்தில் பாதுகாப்புத் தகடு கிடையாது. நெல்சன் அந்த வில்லையைக் கொண்டே வாசித்ததால் ஒலித்துளைக்குக் கீழே பலகை தேய்ந்து இன்னொரு துளையே விழுந்துவிட்டது. நண்பர்களின் கையொப்பங்கள் அப்பலகை முழுதும் இருக்கின்றன. ஆஸ்டின் நகரத்துக் கைவினைஞர் மார்க் எர்ல்வைன் அதைப் பல பத்தாண்டுகளாகப் பராமரித்து வருகிறார். அதன் ஒலியை நம்முடைய பழைய ஒலிபெருக்கியில் சரியாகக் கேட்க முடியவில்லை என்று உறுப்பினர்கள் கூறியதைப் பொருளாளரின் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

தீ விபத்துக்குப் பின் டெக்சஸுக்குத் திரும்பிய நெல்சன் ஆஸ்டினில் குடியேறினார். கன்ட்ரி இசை கேட்கும் பண்ணை மக்களும் ராக் இசை கேட்கும் நீள்முடி இளைஞர்களும் ஒரே கூரையின்கீழ் அவரைக் கேட்கத் தொடங்கினார்கள். 1975இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் பாடல்களைத் தேர்வதிலும் பதிவதிலும் அவருக்கு முழு உரிமை தந்தது. டெக்சஸின் கார்லண்ட் நகரில் இருந்த ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மிகக் குறைந்த செலவில், சில நாள்களில் அவர் பதிந்து தந்த 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' இசைத்தட்டைக் கேட்டு, இது இன்னும் முடியாத மாதிரிப் பதிவு என்று நிறுவனத்தார் எண்ணினார்களாம். ஒரு கிதார், அக்காளின் பியானோ, மிக்கி ராஃபேலின் மவுத் ஆர்கன் என்று அவ்வளவு சிக்கனமான இசை அது. அதிலிருந்த 'ப்ளூ ஐஸ் கிரையிங் இன் த ரெயின்' அவர் பாடகராகக் கண்ட முதல் முதலிடப் பாடலாகி, முதல் கிராமி விருதையும் பெற்றுத்தந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் அவ்விசைத்தட்டு பின்னர் இடம்பெற்றது.

'ப்ளூ ஐஸ்' பாடல் நெல்சன் எழுதியதன்று. ஃபிரெட் ரோஸ் எழுதியது. 1978இல் புக்கர் டி. ஜோன்ஸ் தயாரிக்க, கன்ட்ரி பட்டியலில் பத்தாண்டு அளவுக்கு நீடித்த 'ஸ்டார்டஸ்ட்' முழுவதும் பழைய தலைமுறைப் பாடலாசிரியர்களின் பாடல்கள். 1982இல் பெருவெற்றி பெற்ற 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' பிறர் எழுதியது. மறு ஆண்டில் மெர்ல் ஹேகார்டுடன் பாடி முதலிடம் பெற்ற 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி' டவுன்ஸ் வான் சான்ட் எழுதியது. அவர் எழுதியவை பிறர் குரலில் வென்றன; அவர் குரல் பிறர் எழுத்தில் வென்றது. அப்படியானால் இவரை எந்தக் கணக்கில் வைப்பது என்று கூட்டத்தில் எழுந்த கேள்வி அன்று விவாதமாகி, நேரம் கடந்தும் நீண்டது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த பெருவெற்றி, 1980இல் தாம் நடித்த திரைப்படத்திற்காக அவர் எழுதிப் பாடிய 'ஆன் த ரோட் அகெய்ன்'. அது ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கிராமி விருதையும் பெற்றது.

அவர் பெற்ற சிறப்புகளை வரிசைப்படுத்தினாலும் இதே கதைதான். சிறந்தோரைச் சேர்த்துச் சிறப்பிக்கும் அமைப்பான நாஷ்வில் பாடலாசிரியர்களின் புகழ்மன்றம் அவரை 1973இலேயே சேர்த்துக்கொண்டது. அதாவது, பாடகராக அவர் முதலிடம் பெறுவதற்கு இரண்டாண்டு முன்பே. கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது 1979இல் வந்தது. கன்ட்ரி இசைப் புகழ்மன்றத்திலோ அவர் 1993இல்தான் இடம்பெற்றார். எழுத்துக்கும் குரலுக்கும் இடையே நாஷ்வில் வைத்த இடைவெளி இருபதாண்டு என்று இதைக் கொள்வதில் தவறில்லை.

அந்த 1993 வேறொரு வகையிலும் குறிக்கத்தக்கது. வரி நிலுவைக்காக 1990இல் அமெரிக்க வருமான வரித்துறை அவருடைய சொத்துகளைக் கைப்பற்றியது. கேட்கப்பட்ட தொகை 1 கோடியே 67 லட்சம் டாலர். திவாலானவராக அறிவித்துக்கொள்ள மறுத்த நெல்சன், கிதாரும் குரலும் மட்டுமாகத் தம் பழைய பாடல்களைப் பாடி, வரித்துறையின் பெயரையே தலைப்பில் வைத்து ஓர் இரட்டை இசைத்தட்டை வெளியிட்டு, அதன் வருவாயைக் கடனுக்குக் கொடுத்தார். வழக்கு 1993இல் முடிவுக்கு வந்தது. விற்பனையில் பெரிய வெற்றி இல்லையென்றாலும், எழுதியவரும் பாடுபவரும் இடையில் எவருமின்றி ஒன்றாக அமர்ந்திருக்கும் இசைத்தட்டு என்பதால், என் மதிப்பில் நாம் இவ்வாண்டு கேட்டவற்றுள் இதுவே முதலிடத்தது.

அதன் பின் சிறப்புகள் விரைந்து வந்தன. 1998இல் கென்னடி மையச் சிறப்பு, 2000இல் கிராமியின் வாழ்நாள் சாதனையாளர் விருது, 2015இல் நாடாளுமன்ற நூலகத்தின் கெர்ஷ்வின் பரிசு ஆகியவை அவற்றுள் சில. கெர்ஷ்வின் பரிசைப் பெற்ற முதல் கன்ட்ரி இசைக் கலைஞர் அவரே. 2012இல் கன்ட்ரி இசைச் சங்கம் வாழ்நாள் சாதனை விருதொன்றை அவர் பெயரிலேயே ஏற்படுத்தி, முதல் விருதையும் அவருக்கே வழங்கியது. அதே ஆண்டில் ஆஸ்டினில் அவருக்குச் சிலை எழுந்தது. அச்சிலை இருக்கும் தெருவும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2023 பிப்ரவரியில், 89ஆம் வயதில், சிறந்த கன்ட்ரி இசைத்தட்டுக்கான கிராமி விருதைப் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றமும் அவரைச் சேர்த்துக்கொண்டது.

இவை அனைத்தினும் நம் உறுப்பினர்களைக் கவர்ந்தது, 2011இல் அமெரிக்காவின் தேசிய வேளாண் புகழ்மன்றம் அவருக்குத் தந்த இடம். 1980களில் வட்டி ஏறி, விளைபொருள் விலையும் நில மதிப்பும் விழுந்து, அமெரிக்கச் சிறு விவசாயிகள் பலர் வங்கிகளிடம் நிலத்தை இழந்தார்கள். 1985 ஜூலையில் ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்திற்காக நடந்த 'லைவ் எய்ட்' மேடையில், அமெரிக்க விவசாயிகளின் கடனுக்கும் சிறிது கொடுக்கலாமே என்ற பொருளில் பாடகர் பாப் டிலன் ஒரு சொல் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு நெல்சன், நீல் யங், ஜான் மெலன்கேம்ப் ஆகிய பாடகர்கள் மூவரும் செப்டம்பர் 22 அன்று இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஷாம்பெய்ன் நகரில் 'ஃபார்ம் எய்ட்' நிகழ்ச்சியை நடத்தினார்கள். ஏறத்தாழ 80,000 பேர் திரண்டார்கள். ஒருநாள் கூத்தாக முடிந்திருக்கக்கூடிய அது நாற்பதாண்டை நெருங்கியும் நடந்துவருகிறது. இதுவரை 8 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறது. 1987இல் நெல்சனும் மெலன்கேம்பும் விவசாயிகளை அழைத்துக்கொண்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சென்று பேசினார்கள். அவ்வாண்டே நிறைவேறிய வேளாண் கடன் சட்டம், நிலப் பறிமுதலைத் தடுக்க வழிசெய்தது. பருத்தி எடுத்த கைக்குப் பாட்டுக்காக அல்லாமல் உழவர்களுக்காகக் கிடைத்த சிறப்பு என்பதால், இதை அவருடைய பட்டியலில் தலைமையிடத்தில் வைக்க வேண்டும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வாதிட்டார். எவரும் மறுக்கவில்லை.

சங்க ஆண்டின் நடுவில், 2024 செப்டம்பர் 28 அன்று, பாடலாசிரியரும் நடிகருமான கிறிஸ் கிறிஸ்டாஃபர்சன் தம் 88ஆம் வயதில் மறைந்தார். 1979இல் அவருடைய பாடல்களை மட்டுமே கொண்டு நெல்சன் ஓர் இசைத்தட்டு வெளியிட்டிருந்தார். நெல்சன் பெயரிலான வாழ்நாள் சாதனை விருது 2019இல் கிறிஸ்டாஃபர்சனுக்கு வழங்கப்பட்டது. ஜானி கேஷ், வேலன் ஜென்னிங்ஸ் ஆகியோருடன் இவ்விருவரும் சேர்ந்து பாடிய 'ஹைவேமென்' குழுவில் இப்போது எஞ்சியிருப்பவர் நெல்சன் ஒருவரே. அக்டோபர் கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி, வழக்கமான பேச்சை விடுத்து, நால்வர் குழுவின் 1985ஆம் ஆண்டு இசைத்தட்டை முழுவதும் கேட்டோம். நவம்பரில் நெல்சனின் புதிய இசைத்தட்டான 'லாஸ்ட் லீஃப் ஆன் த ட்ரீ' வெளிவந்தது. தயாரித்தவர் அவர் மகன் மைக்கா. குரல் மெலிந்திருக்கிறது, தாளத்துக்குப் பின்னால் வந்து சேரும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

சங்க நூலகத்திற்கு இசைத்தட்டுகளை நன்கொடையாகத் தந்த உறுப்பினர்களுக்கும், உரையாற்றியவர்களுக்கும், அரங்கைக் குறைந்த வாடகைக்குத் தந்தவர்களுக்கும் செயற்குழுவின் நன்றியைத் தெரிவிக்கிறேன். வரும் ஆண்டுக்கு, கென்டக்கி மாநிலச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, 1972இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண்ணான லொரெட்டா லின்னை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இப்பரிந்துரைக்கும் இவ்வறிக்கைக்கும் பொதுக்குழு ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்