எத்திரோ சொன்ன யோசனை

கர்த்தருக்குள் பிரியமான நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் பெரிய நிம்மதி. பழையபடி தானே வேதம் வாசிக்கத் தொடங்கிவிட்டார்களா?

அப்புறம், உன் தங்கை மகன் விஷயம். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகட்டுமா என்று அவன் உன்னிடம் கேட்டிருக்கிறான். என்ன சொல்லலாம் என்று நீ என்னிடம் கேட்கிறாய். போ என்றோ போகாதே என்றோ இங்கிருந்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அவனோடு பேச உட்காருமுன் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிடு.

புத்தி சொல்வதற்கு மோசேயின் மாமனார் எத்திரோவைவிட நல்ல ஆளை நான் வேதத்தில் பார்க்கவில்லை. மருமகனைப் பார்க்க வந்தவர், வந்த அன்றைக்கே குறை எதுவும் சொல்லவில்லை. கர்த்தர் செய்த நன்மைகளை மோசே சொல்லச் சொல்லக் கேட்டுச் சந்தோஷப்படுகிறார். மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை மோசே ஒருவராக உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதைப் பார்க்கிறார். அப்போதும் ஏன் இப்படிச் செய்கிறீர் என்று கேட்டு, மோசேயின் பதிலை முழுவதும் கேட்கிறார். அதற்குப் பிறகுதான், இது நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கும் வழியையும் கூடவே காட்டுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது 23-ஆம் வசனம். தேவனும் இப்படிக் கட்டளையிட்டால் என்று சொல்லி, தன் யோசனையைத் தேவ சித்தத்துக்குக் கீழே வைத்துவிடுகிறார். சொன்னது நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கவும் அவர் தங்கவில்லை, தன் தேசத்துக்குப் போய்விடுகிறார். இன்றைக்குப் பலர், 'கர்த்தர் உனக்கு இதைச் சொல்லச் சொன்னார்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்கிறவன் மறுத்துப் பேச முடியுமா? தேவனையே எதிர்த்ததாகிவிடுமோ என்று பயந்துபோவான். நீ தாய்மாமன், உன் சொல்லுக்கு ஏற்கெனவே அவனிடம் மதிப்பு அதிகம். அந்தப் பாரத்தை அவன்மேல் வைக்காதே. உன் எண்ணத்தை உன் எண்ணம் என்றே சொல்.

அவனிடம் நீ கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜாவானபோது, ஜனங்களின் சுமையைக் குறைக்கலாமா என்று முதியோரிடமும் கேட்டான், வாலிபரிடமும் கேட்டான். ஆனால் முதியோர் சொன்னதைத் தள்ளிவிட்டுத்தான் வாலிபரிடம் போனான். தன் மனதுக்கு ஒத்த பதில் அங்கே கிடைத்தது, பத்துக் கோத்திரங்கள் கையைவிட்டுப் போயின. இவன் முடிவெடுத்துவிட்டு வருகிறானா, இன்னும் யோசிக்கிறானா என்று முதலில் கேட்டுப் பார். முடிவெடுத்துவிட்டான் என்றால் கூட இருந்து ஜெபி. யோசிக்கிறான் என்றால், கடன் ஏதும் இருக்கிறதா, அவன் சம்பளத்தை நம்பி வீட்டில் யார் இருக்கிறார்கள், சபையில் இப்போது என்ன ஊழியம் செய்கிறான், போதகர் என்ன நினைக்கிறார் என்றெல்லாம் நிதானமாகக் கேள். இது விசுவாசக் குறைவு என்று அவன் நினைத்தால், கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசுதான் என்று எடுத்துச் சொல். பவுலும் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்தவர்தானே.

இங்கே என் விஷயம் ஒன்று. சபைப் பொருளாளர் பொறுப்பை இந்த வருடத்தோடு இளையவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று என் மனைவி சொல்கிறாள். ராத்திரி வெகுநேரம் நான் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்கிறாள். அவள் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. கமிட்டியில் பேசுமுன் உன் யோசனையும் வேண்டும், தாட்சண்யம் பார்க்காமல் எழுது.

மருமகனுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். அவனோடு பேசியதும் தெரியப்படுத்து.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் நண்பன்