பழையாற்றின் கடைவரம்பிலிருந்து ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் நீர்வளத்துறைப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

சுருளகோட்டுப் பகுதியில் தொடங்கி மணக்குடிக் காயலில் கலக்கும் பழையாறு சிறிய ஆறுதான். எனினும் நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோக நெல்லும் தலைமுறை தலைமுறையாக இதை நம்பியே விளைந்தன. தன் மழையை மட்டும் கொண்டு இது அவ்வளவு வயலை நனைத்திருக்க முடியாது. பரளியாற்று நீரை மறித்து இங்கே திருப்பிய பாண்டியன் கால் என்னும் பழைய கால்வாய்தான் இதற்கு உயிர் தந்தது. திருவிதாங்கூர் அரசு 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையும், பின்னர் பரளியாற்றின் குறுக்கே எழுந்த பெருஞ்சாணி அணையும் அந்தப் பழைய ஏற்பாட்டை வலுப்படுத்தின.

வீரப்புலி, பள்ளிகொண்டான், சபரி, குமரி, சோழன்திட்டை, பிள்ளைப்பெத்தான், மிஷன் என ஆற்றில் அடுத்தடுத்து நிற்கும் அணைகளைத் தனித்தனியே கணக்கிடுவது பொருந்தாது. மேலணையின் வாய்க்காலில் பாய்ந்த நீர் வயலில் நின்று, வடிந்து, மறுபடியும் ஆற்றில் சேர்ந்து, கீழணைக்குப் பாசன நீராகிறது. இந்த ஆற்றின் நுட்பமே அதுதான்; எனக்கு இதில் வியப்பு தீர்ந்ததில்லை. ஆகவே மேலே வயல் மனையாகி வடிகால் மண்ணால் அடைபடும்போது, அந்த ஊரின் நெல் மட்டும் குறைவதில்லை, கீழே உள்ளவர்களின் நீரும் குறைகிறது. மனைப்பிரிவுக்கு இசைவு தருமுன் இந்த இழப்பையும் கணக்கில் எடுக்க வேண்டுகிறோம்.

ஒழுகினசேரியிலும் சுசீந்திரத்திலும் மக்கள் குளித்தும் துவைத்தும் வந்த ஆறு இது. நாகர்கோவில் வளர வளர அது நகரின் சாக்கடையையும் சுமக்கத் தொடங்கியது; ஆகாயத்தாமரை படர்ந்து ஓட்டம் தடைபடுகிறது. ஆண்டுதோறும் ஆகாயத்தாமரையை அள்ளுவதால் மட்டும் இது தீராது, ஏனெனில் அதை வளர்ப்பது அந்தக் கழிவுதான். நகரத்தைத் தாண்டியதும் அதே நீர் வயலுக்கும், அதன் பின் மணக்குடிக் காயலின் மீனுக்கும் போகிறது.

எனவே ஆற்றில் விழும் ஒவ்வொரு கழிவுநீர் ஓடையையும் அடையாளம் கண்டு, கரைக்கு வருமுன்பே மறித்துச் சுத்திகரிக்க வேண்டும். ஆற்றின் எல்லையையும் வடிகால்களின் எல்லையையும் அளந்து கல் நாட்டி, வரைபடத்தை ஊராட்சி அலுவலகங்களில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். முதல் கட்டமாக, அடுத்த கன்னிப்பூவுக்கு அணை திறக்குமுன் ஒழுகினசேரி முதல் மிஷன் அணை வரையாவது அந்த அளவைப் பணியை முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
கடைவரம்பு உழவர்கள் சார்பில்